வியாழக்கிழமை பொங்காத மா

மகனே,

நீ அனுப்பிய மூன்று விளம்பரப் புத்தகங்களும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. மூன்றையும் அட்டை முதல் அட்டை வரை படித்தேன். முதலாவதில் ஒரு பெண் வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறாள். இரண்டாவதில் வேறொரு பெண்; அதே வெறுங்கால், அதே தேநீர். மூன்றாவதில் பெண் இல்லை, ஒரு நாய் படுத்திருக்கிறது. விற்கப்படும் பொருளைப் பற்றி மூன்றிலும் கடைசிப் பக்கத்தில்தான் எழுதியிருக்கிறார்கள், அதுவும் எறும்புக்கு எழுதிய அளவில். பேர்னில், பூம்ப்ளிஸ் பகுதியில், நீயும் மருமகளும் வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் எண்ணெயும் இல்லை, எரிவாயுவும் இல்லை, எல்லாமே மின்சாரம். பழைய சூடேற்றிகளையும் பழைய சுடுதண்ணீர்ப் பொய்லரையும் கழற்றிவிட்டுப் புதியவை போடவேண்டும், பிள்ளை பிறப்பதற்குள் வேலை முடியவேண்டும், மூன்றில் எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். முதலில் அப்பாவைத்தான் கேட்டாய் என்றும், அவர் "கொம்மாட்டக் கேள்" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தார் என்றும் மருமகள் சொன்னாள். இத்தனை ஆண்டுத் தாம்பத்தியத்தில் அவர் கொடுத்த தொழில்நுட்ப ஆலோசனைகளில் குற்றம் சொல்ல முடியாதது அது ஒன்றுதான்.

பதிலை இந்தக் கடிதத்தின் முடிவில் எழுதுகிறேன். நீ எதையும் முடிவிலிருந்து படிக்கத் தொடங்குகிறவன். இந்த ஒரு முறை வரிசையாகப் படி. ஏனென்றால், பதிலுக்கு முன்னால் நான் ஒரு பழைய கதையைத் திருத்தவேண்டியிருக்கிறது. கல்யாண வீடுகளில் சாப்பாடு முடிந்ததும் அப்பா சொல்லும் கதை உனக்கு மனப்பாடம்: "இவ லாங்கன்தாலில தோசை சுடுறன் எண்டு வெளிக்கிட்டு வீட்டைச் சுடப் பாத்தவ." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தக் கதை பொய்யில்லை. ஆனால் அது முதல் பாதி. இரண்டாம் பாதியில் அப்பாவின் பாத்திரம் அவ்வளவு எடுப்பாக அமையவில்லை என்பதால், அது அவருக்கு மறந்துபோய்விட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நீ பிறந்து இரண்டு மாதம். அதுவரை நாங்கள் அகதிகள் விடுதியில் ஓர் அறையில் இருந்தோம்; சமைக்க ஒரு குசினி, பத்துக் குடும்பம், ஒரே ஒரு சுடுதண்ணீர்க் குழாய். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, அங்கே மேற்பார்வையாளர் ஒருவர் பரிந்து பேசி, லாங்கன்தாலில் ஆறு குடும்பங்கள் இருக்கும் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி எங்களுக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் ஹெர் லூத்தி. அந்தக் கட்டடத்தைத் தானே நின்று கட்டியவர். சாவி கொடுத்த அன்று அவர் எங்களிடம் பெருமையாகச் சொன்னார்: "இந்த வீட்டில் புகைபோக்கி கிடையாது. எண்ணெய்த் தொட்டி கிடையாது. எல்லாம் மின்சாரம். சுத்தம்." அப்பா எல்லாவற்றுக்கும் "யா, யா" என்றார். சமையலறை, குளியலறை, சூடு வரும் இயந்திரம் எல்லாவற்றையும் காட்டிவிட்டு ஹெர் லூத்தி எனக்கு மின்விளக்கின் சுவிட்சை எப்படி அழுத்துவது என்றும் காட்டினார். நான் யாழ்ப்பாணத்தில் நான்கு ஆண்டுகள் பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள். மின்சுற்றுப் பாடம் எடுக்கும்போது நானும் அப்படித்தான் இரண்டு முறை அழுத்திக் காட்டுவேன். அதனால் அவரைக் குறை சொல்லவில்லை.

சூடு வரும் இயந்திரம் என்றேன். ஒவ்வோர் அறையிலும் சாளரத்துக்குக் கீழே பெட்டகம் போல ஒன்று இருந்தது. உள்ளே முழுக்கச் செங்கல். இரவில் மின்சாரம் மலிவு என்பதால் அது இரவு முழுக்கச் செங்கல்லைச் சுடவைத்துக்கொள்ளும். பகல் முழுக்க அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் ஊதும். குளியலறைச் சுவரில் தொங்கிய பொய்லரும் அதே சாதி. இரவில் தண்ணீரைக் கொதிக்கவைக்கும், பகலில் அது தீர்ந்தால் அடுத்த நாள் காலை வரை பச்சைத்தண்ணீர்தான். சுருங்கச் சொன்னால், நாளைக்கு உனக்கு எவ்வளவு குளிரும், நீ எத்தனை தரம் குளிப்பாய் என்பதை நேற்றே தீர்மானித்துவிடுகிற வீடு. எங்களுடைய விசா விண்ணப்பங்களும் அந்தக் காலத்தில் அதே முறையில் தீர்மானிக்கப்பட்டதால், எனக்கு அது விசித்திரமாகத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தப் பெட்டகத்தின் மேற்பக்கம் இதமான சூடாக இருந்தது என்பதுதான். மகனே, விடுதியில் இருந்த காலம் முழுக்க எங்களுக்குத் தோசை கிடையாது. உழுந்து கிடைத்தது, அரிசி கிடைத்தது, அரைக்க மெஷினும் கிடைத்தது. ஆனால் மா புளிக்காது. இரண்டு நாள் வைத்தாலும் சுண்ணாம்புக் கரைசல் மாதிரிச் சும்மா கிடக்கும். இந்த நாட்டுக்கு வந்த எங்கள் பெண்கள் அத்தனை பேரும் அந்தக் காலத்தில் சந்தித்தால் முதலில் கேட்டது உங்கள் வழக்கு என்ன ஆச்சு என்று இல்லை, உங்கள் மா பொங்குதா என்றுதான். அப்படிப்பட்ட காலத்தில், புது வீட்டில் முதல் வாரமே, சூடேற்றியின் மேல் வைத்த மா சட்டி விளிம்புவரை நுரைத்து எழும்பி நின்றது. அன்று சுட்ட தோசையைப் பார்த்து உன் சித்தப்பா (அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தான்) எழும்பி நின்று கும்பிட்டான். "அண்ணி, ஹெர் லூத்தி கட்டினது வீடில்லை, கோயில்" என்றான்.

வெற்றி தலைக்கேறிய ஆட்கள் செய்யும் பிழையை நானும் செய்தேன். நவம்பர் முடிவில் ஒரு வெள்ளிக்கிழமை, விடுதியில் எங்களோடு இருந்த குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டோம். பெரிய சட்டி நிறைய மா கரைத்து, சூடேற்றியின் மேல் வைத்து, மேலே ஒரு தட்டையும் கவிழ்த்துவிட்டு உனக்குப் பால் கொடுக்கப் போனேன். மா தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பெட்டகத்தின் மேல் ஊர்ந்து, சூடு வரும் கம்பிச் சட்டத்துக்குள்ளே இறங்கியது. முதலில் நல்ல மணம் வந்தது. பிறகு நல்லதல்லாத மணம். பிறகு "டப்" என்று ஒரு சத்தம். எங்கள் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் சேர்த்து மின்சாரம் போய்விட்டது. கீழ் வீட்டில் ஃப்ராவ் கெர்பர் என்ற அம்மா தனியாக இருந்தார். அவருடைய அடுப்புக்குள் அரைவேக்காட்டில் ஒரு கேக் இருந்தது. மின்வேலைக்காரர் வந்து சட்டத்தைக் கழற்றி உள்ளேயிருந்து கறுத்த, மொறுமொறுப்பான துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தாளில் பரப்பினார். ஹெர் லூத்தி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார். ரொட்டி என்றால் அவருக்கு விளங்கும் என்று அப்பா, "எங்கள் பாண்" என்றார். மின்வேலைக்காரர் துப்புரவு செய்து, வயரைக் காயவைத்து, இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஆனாலும் அது பெரிய பிழைதான். சூடேற்றியின் மேல் எதையும் வைக்கக்கூடாது, தீப்பிடித்திருக்கும். இதை நீ நன்றாக மனதில் வை. முதல் பாதி இவ்வளவுதான். அப்பா இந்த இடத்தில் கதையை முடித்துத் தண்ணீர் குடிப்பார்.

இனி இரண்டாம் பாதி. டிசம்பரில் குளிர் இறுகியது. சில நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்கே சூடேற்றி குளிர்ந்த காற்றை ஊதத் தொடங்கியது. உன்னை நான்கு மணிக்குக் குளிப்பாட்டுவது வழக்கம். அந்த நாட்களில் துவாயை விரிக்கும்போதே உன் உதடு நீலம் பாரித்தது. இருமல் வந்தது. டொக்டர் மருந்து எழுதிவிட்டு, அறையைச் சூடாக வைத்திருங்கள் என்றார். அப்பா ஹெர் லூத்தியிடம் போய்ச் சொன்னார். ஹெர் லூத்தி எங்கள் கம்பிச் சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்று, "மற்ற ஐந்து வீட்டிலிருந்தும் முறைப்பாடு இல்லை" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, எழுதினார். கடிதத்தின் சாரம்: இரண்டாம் மாடியினர் சூடேற்றியைத் தகாத முறையில் பாவித்துப் பழுதாக்கிவிட்டார்கள், வசந்தகாலத்தில் கட்டடம் முழுக்கப் புதிய, பெரிய சூடேற்றிகளும் பொய்லர்களும் போடப்போவதாக உத்தேசம், அதற்கு முன், ஏப்ரல் முடிவில், இரண்டாம் மாடியினர் வீட்டை விட்டுவிட வேண்டியிருக்கும், ஜனவரியில் எல்லாக் குடியிருப்பாளர்களையும் கூட்டி இறுதி முடிவு அறிவிக்கப்படும்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு இன்னொரு வீடு யார் தருவார்கள்? தொலைபேசியில் பெயரைச் சொன்னதுமே வீடு போய்விட்டது என்பார்கள். வீடு இல்லையென்றால் திரும்ப விடுதி. ஓர் அறை, ஒரு குழாய், உன் இருமல். அப்பா ஒரு வாரம் முழுக்க அகராதியை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதினார்.

"எதுக்கு மன்னிப்புக் கேக்கிறியள்?" என்று கேட்டேன்.

"மாவுக்கு."

"மாவுக்கு நவம்பரிலயே கேட்டாச்சு. சூடேற்றி பழுதில்லை எண்டு மின்வேலைக்காரன் எழுதித் தந்தவன்."

"எண்டாலும் ஒண்டு குடுத்து வைப்பம். ஒரு பாதுகாப்புக்கு."

உன் அப்பா நல்ல மனிதர். மழை பெய்தாலும் பக்கத்தில் நிற்கிறவரிடம் மன்னிப்புக் கேட்கக் கூடியவர். அந்தக் கடிதத்தை நான் உன் துவாய்களுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். விஞ்ஞானம் படிப்பித்தவள் இல்லையா? பழுதான இயந்திரம் என்றால் தினமும் பழுதாக இருக்கவேண்டும். எங்களுடையது சில நாட்களில் மட்டும் குளிர்ந்தது. எந்த நாட்களில் என்று அளக்க வெப்பமானி இல்லை. மா இருந்தது. ஒரு ஜாம் போத்தலைக் கழுவி, பிரிட்ஜில் இருந்த அதே மாவில் தினமும் காலை அதே அளவு ஊற்றி, பழைய புளித்த மா ஒரு கரண்டி சேர்த்து, மட்டம் தெரிய ஒரு றப்பர் வளையம் மாட்டினேன். சூடேற்றியின் மேல் இல்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில், உன் தொட்டிலுக்கு அருகே. மாலை ஆறு மணிக்கு மா வளையத்தைத் தாண்டியிருந்தால் சுவர்க் கலண்டரில் ஒரு வட்டம். தாண்டாவிட்டால் ஒரு கோடு. தொட்டிலையும் போத்தலையும் நான் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டு சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, ரெண்டாவதுக்குப் பேர் வைச்சாச்சோ? தடுப்பூசி எப்ப?"

"நீர் சிரியும் தம்பி. ஏப்ரலில மூட்டை தூக்கேக்க சிரிக்கேலாது."

நான்கு வாரம். வட்டம், வட்டம், வட்டம், கோடு. பிறகு திரும்ப வட்டங்கள். கோடு விழுந்த நான்கு நாட்களும் வியாழக்கிழமை. கலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தேன். சித்தப்பா ஊரில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவன். மின்சாரத்தில் எந்தக் கோளாறு என்றாலும் அவனிடம் ஒரே மருந்துதான். "லூஸ் கனெக்‌ஷன்" என்றான்.

"வியாழக்கிழமையில மட்டும் லூஸாகிற கனெக்‌ஷனை எங்கையாவது கண்டிருக்கிறீரோ?"

அப்பா கலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வியாழன் இப்ப எங்களுக்கு எட்டில நிக்குது" என்றார்.

"எட்டில நிக்கிற கிரகத்துக்கு ஜாம் போத்தலுக்குள்ள என்ன அலுவல்?"

இருவரும் தோசை கேட்டார்கள். வியாழக்கிழமை என்பதால் இருக்கவில்லை.

குசினி இழுப்பறையில் அந்தச் சூடேற்றியின் கைநூல் கிடந்தது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், எங்களுடையது இல்லை. நீ தூங்கும் பகல் நேரங்களில் அகராதியோடு உட்கார்ந்து ஜெர்மன் பகுதியை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நான் இந்த நாட்டின் மொழியில் முழுதாக வாசித்து முடித்த முதல் நூல் அதுதான். நடை சற்று வறண்டது, பாத்திரங்கள் குறைவு. ஆனால் பத்தொன்பதாம் பக்கத்தில் நல்ல திருப்பம் இருந்தது. கட்டடத்தின் வெளிச்சுவரில் சிறு பெட்டி ஒன்று இருக்குமாம். வெளியே எவ்வளவு குளிர் என்று இரவில் அதுதான் உணர்ந்து சொல்லுமாம். குளிர் அதிகம் என்று அது சொன்னால் செங்கல் நிறையச் சுடும். குளிர் குறைவு என்றால் கொஞ்சமாகச் சுடும். அந்தப் பெட்டியை எங்கே பொருத்தவேண்டும் என்று ஒரு வாக்கியம் தடித்த எழுத்தில் இருந்தது. அதைப் பாடமாக்கினேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை உன்னைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிப் போனேன். பின்சுவர் முழுக்க உறைபனி படிந்து சீனி தூவியது போல வெள்ளையாக இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் கறுப்பாக, ஈரமாக, ஒரு பெரிய வட்டம். வட்டத்துக்குக் கீழே நிலவறையின் உலர்த்தும் அறைச் சாளரம், மேற்பக்கம் சரிந்து திறந்தபடி. உள்ளேயிருந்து வெதுவெதுப்பான, சவர்க்கார மணம் கொண்ட காற்று. வட்டத்தின் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. நான் அங்கேயே நின்று உன்னிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். நீ கொட்டாவி விட்டாய்.

உலர்த்தும் அறைக் கதவில் சலவை அட்டவணை தொங்கியது. இந்த நாட்டில் அரசியலமைப்பைக்கூடத் திருத்தலாம், சலவை அட்டவணையைத் திருத்த முடியாது என்பது உனக்குத் தெரியும். புதன்கிழமை, முழு நாள்: ஃப்ராவ் கெர்பர். அவர் துணிகளை இரவு முழுக்கச் சூட்டு விசிறியில் காயவிட்டு, ஈரம் தங்காமல் இருக்கச் சாளரத்தைச் சரித்துவைப்பார். அது ஒழுங்கீனம் இல்லை; கட்டட விதிகளின் ஏழாம் பிரிவே அப்படித்தான் செய்யச் சொல்கிறது. ஏழாம் பிரிவை எழுதியவர் ஹெர் லூத்தி. சாம்பல் பெட்டியை வயர் மிச்சமாகும் என்று அந்தச் சாளரத்துக்கு மேலேயே அடிக்கச் சொன்னவரும் அவர்தான். இப்படியாக ஒவ்வொரு புதன் இரவும் அந்தப் பெட்டி ஃப்ராவ் கெர்பரின் படுக்கை விரிப்புகளின் மூச்சுக்காற்றில் குளிர்காய்ந்துகொண்டு, வெளியே வசந்தம் வந்துவிட்டது என்று கட்டடத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் துவைத்தவர்கள் துணியை மாலையிலேயே வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். பனி இறுகாத வரை அது யாருக்கும் தெரியவில்லை.

ஜனவரிக் கூட்டம் ஒரு வியாழக்கிழமை மாலை, நிலவறையில். ஹெர் லூத்தி, சூடேற்றி விற்பனையாளர் ஒருவர், குடியிருந்த ஆறு வீட்டார். எல்லாரும் கோட்டு போட்டபடி வந்திருந்தார்கள். ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. விற்பனையாளர் படங்களை விரித்து, பெரிய சூடேற்றி, பெரிய பொய்லர், ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று அரை மணி நேரம் பேசினார். பிறகு ஹெர் லூத்தி தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். நான் உன்னை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து இரண்டு ஜாம் போத்தல்களை எடுத்து மேசையில் வைத்தேன். புதன்கிழமைப் போத்தலில் மா வழிந்து காய்ந்திருந்தது. வியாழக்கிழமைப் போத்தலில் மா காலையில் வைத்த மட்டத்திலேயே கிடந்தது.

விற்பனையாளர் சிரித்தார். "மன்னிக்கவும், இது அப்பத்துக்குக் கரைத்த மா. அளக்கும் கருவி இல்லை" என்றார். அப்பா எனக்குத் தமிழில் சொன்னார்.

"அவற்ர கையில இருக்கிறது படம். அதுவும் கருவியில்லை எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அப்பா சொன்னார். விற்பனையாளர் மகிழ்ந்துபோய் எனக்குத் தலை வணங்கினார். "உங்கள் படங்கள் மிகவும் அழகாக இருக்கின்றன என்று என் மனைவி சொல்கிறாள்" என்று அப்பா மொழிபெயர்த்திருந்தார் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். ஆனால் அப்போதே ஏதோ வழிதவறிப் போகிறது என்று விளங்கியது. கலண்டரை ஹெர் லூத்தியின் முன் விரித்தேன். கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டேன். பிறகு சுவரில் தொங்கிய சலவை அட்டவணையில் புதன்கிழமையைத் தொட்டேன். பிறகு நிமிர்ந்து நின்று, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் மிக நீளமான வாக்கியத்தை, பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தபடியே, ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்: "வெளிப்புற உணரி கட்டடத்தின் வடக்குச் சுவரில், சாளரங்களிலிருந்தும் காற்று வெளியேறும் வழிகளிலிருந்தும் போதிய தூரத்தில் பொருத்தப்படவேண்டும்."

அதுவரை அந்தக் கட்டடத்தில் நான் "குரூட்சி" என்று வணக்கம் சொன்னதுதான் அதிகம். விற்பனையாளர் படங்களை மெல்ல அடுக்கத் தொடங்கினார். ஹெர் லூத்தி எழும்பி வெளியே போனார். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். அவர் கைவிளக்கின் ஒளியைச் சுவரில் அடித்து, கையுறையைக் கழற்றிவிட்டு, ஈர வட்டத்தில் உள்ளங்கையை வைத்தார். பிறகு பக்கத்துப் பனியில் வைத்தார். பிறகு திரும்ப வட்டத்தில். அப்போது மேல் மாடியில் இருந்த வயதான கணவர் மெதுவாகச் சொன்னார்: "வியாழக்கிழமைகளில் எங்களுக்கும் குளிர்கிறதுதான். வயசு காரணம் என்று நினைத்தோம்." மூன்றாம் மாடிப் பெண், தான் வியாழக்கிழமைகளில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். ஃப்ராவ் கெர்பர், முதல் நாள் துவைத்த களைப்பில்தான் தனக்கு உடம்பு நடுங்குகிறது என்று எண்ணியிருந்தாராம். ஆறு வீடும் குளிர்ந்திருக்கிறது, மகனே. ஐந்து வீடு மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது. வாய் திறந்த வீடு நம்முடையது என்பதால் குற்றமும் நம்முடையதாகிவிட்டது.

அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, "மன்னிக்கவும், மன்னிக்கவும்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மன்னிப்புக் கேட்டது போதும். பிள்ளையை உள்ள கொண்டு போங்கோ" என்றேன்.

ஹெர் லூத்தி நியாயமான மனிதர். அதாவது, ஆதாரத்தை ஒரு முறை பார்த்தாலும் இரண்டாம் முறையும் கேட்பவர். ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். அடுத்த புதன்கிழமை ஃப்ராவ் கெர்பர், வாழ்க்கையில் முதல்முறையாக ஏழாம் பிரிவை மீறி, அந்தச் சாளரத்தைப் பூட்டினார். அடுத்த நாள் முழுக்க நான் முக்காலியைப் பார்க்கவில்லை. பார்த்தால் பொங்காது என்று எனக்கு விஞ்ஞானத்தில் இல்லாத ஒரு பயம். நான்கு மணிக்கு உன்னைக் குளிப்பாட்டினேன். நீ தண்ணீரை அடித்து விளையாடினாய், துவாயில் கிடந்து காலை ஆட்டினாய், உதடு சிவப்பாகவே இருந்தது. அப்போதே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. சரியாக ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. ஹெர் லூத்தி, ஃப்ராவ் கெர்பர், மேல் மாடிக் கணவன் மனைவி, எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து முக்காலியைச் சுற்றி நின்றார்கள். மா றப்பர் வளையத்தைத் தாண்டி, போத்தலின் கழுத்தைத் தாண்டி, மூடியைச் சாய்த்துக்கொண்டு நின்றது. ஃப்ராவ் கெர்பர் குனிந்து பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஷ்டிம்ட்" என்றார். சரிதான் என்று பொருள். இந்த மாநிலத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அன்றைக்கு அந்தக் குசினியில் இருபத்திரண்டு தோசை சுட்டேன். ஃப்ராவ் கெர்பர் சம்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜாம் பூசிச் சாப்பிட்டார். நவம்பர்க் கேக்குக்கு அது ஈடு என்று இருவரும் பேசாமலே ஒப்புக்கொண்டோம்.

அந்த மாதமே பெட்டி வடக்குச் சுவருக்குப் போனது. பெரிய சூடேற்றிகள் வரவில்லை, விற்பனையாளரும் வரவில்லை. ஏப்ரல் முடிவில் நாங்கள் மூட்டை கட்டவேண்டியிருந்த வாரத்தில் உனக்கு முதல் பல் முளைத்தது. அதே வீட்டில், அதே சாளரத்தின் கீழ், முதல் பல்லுக்குச் செய்யும் சடங்காக உன் தலையில் கொழுக்கட்டை கொட்டினோம். ஹெர் லூத்தி ஒப்பந்தத்தைப் புதுப்பித்துத் தந்ததோடு, கட்டட விதிகளையும் மறுபடி தட்டச்சு செய்து எல்லாக் கதவின் கீழும் போட்டார். ஏழாம் பிரிவு திருத்தப்பட்டிருந்தது. எட்டாம் பிரிவு புதிது: சூடேற்றிகளின் மேல் எந்தப் பொருளையும் வைக்கக்கூடாது, சூடேற்றியின் அருகே முக்காலியில் ஒரு கண்ணாடிப் போத்தல் வைக்க இரண்டாம் மாடிக்கு அனுமதி உண்டு.

அதே வசந்தத்தில் அவர் ஒருநாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, பழைய பொய்லர்களை மாற்றப்போவதாகவும், எங்கள் வீட்டுக்கு எத்தனை லிட்டர் போடலாம் என்றும் என்னைக் கேட்டார். சுவிட்ச் அழுத்தக் கற்பித்த அதே மனிதர். நான் வாளியைக் கொண்டுவந்து காட்டினேன். நாங்கள் தொட்டியில் படுப்பவர்கள் இல்லை. ஆளுக்கு ஒரு வாளி, பிள்ளைக்கு அரை வாளி, பாத்திரத்துக்கு ஒரு வாளி. எண்பது லிட்டர் போதும் என்றேன். இங்கேதான் நான் செய்த இரண்டாவது பிழை. இதை அப்பாகூடத் தன் கதையில் சேர்த்ததில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, காலையில் நாற்பது நிமிடம் ஷவருக்குக் கீழே நின்று பாட்டுப் பாடப்போகிற ஒருவன் அப்போது தொட்டிலில் கிடந்தான். அவனை அரை வாளி என்று கணக்கிட்டுவிட்டேன். உனக்குப் பிறகு குளித்த அத்தனை பேரும் பச்சைத்தண்ணீரில் நடுங்கியதற்கு நீ மட்டும் காரணமில்லை, நானும்தான்.

ஆகவே, பதில். முதலாவது புத்தகம் செங்கல் பெட்டகம். அதோடு எனக்குப் பகை இல்லை, ஆனால் நாளைய குளிரை நேற்றே தீர்மானிக்கிற எதையும் இனி இந்தக் குடும்பம் வாங்கவேண்டாம். மூன்றாவது, சுவிட்சைப் போட்டவுடன் சுடும், ஆனால் மின்சாரத்தை அள்ளித் தின்னும். அந்த நாய் நிம்மதியாகத் தூங்குவது கட்டணம் அதன் பெயரில் வராததால்தான். இரண்டாவதை எடு. வெப்பப் பம்பு நல்லது என்று புத்தகம் சொல்வதால் இல்லை. உங்கள் கட்டடத்தில் மற்றவர்களும் அதையே எடுக்கிறார்கள், பழுது வந்தால் எல்லாருக்கும் சேர்ந்து வரும், அப்போது யாரும் உன் ஒருவனைப் பார்த்துத் தொண்டையைச் செருமமாட்டார்கள். பொய்லரை விற்கிற ஆள் கணக்குப் போட்டுத் தருவதற்கு ஒரு படி பெரிதாக வாங்கு. உன் பிள்ளை உன்னைப் போல இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன், வெளி உணரி எங்கே வரும் என்று கேட்டு, நீயே போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார். பிறகு வீடு குளிர்ந்தால் அக்கம்பக்கத்தாரிடம் கேள்; அவர்களும் மரியாதைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். மருமகளிடம் எந்த அறையில் எத்தனை மணிக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டப் போகிறாள் என்று கேள். மற்ற எல்லாக் கணக்கும் அதற்குப் பிறகுதான்.

எட்டாம் பிரிவு உள்ள அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சட்டகம் போட்டு மாட்டு. அடுத்த விருந்தில் அப்பா கதையை முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது எழும்பி நின்று இதை வாசி. சனிக்கிழமை அவர் ரயிலில் உன்னிடம் வருகிறார். மூன்று ஜாம் போத்தல்கள் அவர் மடியில் இருக்கும், றப்பர் வளையத்தோடு, உன் வீட்டின் மூன்று அறைகளுக்கும் ஒன்றொன்று. ரயில் பெட்டிக்குள் சூடு அதிகம் என்பதால் பேர்னுக்கு முன்னமே ஒன்று வழிந்தாலும் வழியும். அவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் மன்னிப்புக் கேட்பார், அதை விடு. மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து முக்காலிகளில் வைத்து, ஆறு மணிக்குப் போய்ப் பார். எந்த அறையில் மா முதலில் வளையத்தைத் தாண்டுகிறதோ அந்த அறையில் தொட்டிலைப் போடு. மா வழிந்தால் நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே. துடைத்துவிட்டு, கலண்டரில் ஒரு வட்டம் போடு.

அம்மா